கடல் தொட்டியில் காரத்தன்மை ஏறினால்

வேலூரிலிருந்து மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலாற்றை ஒட்டியே போனால் விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, ஆம்பூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்தப் பக்கத்து வீடுகளில் போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் போகாது. புளி போட்டோ வினிகர் ஊற்றியோ தேய்க்க வேண்டும். அந்த வெள்ளை கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருந்த பைகார்பனேட்டும் கால்சியமும் சூட்டில் சேர்ந்து கல்லாக இறங்கியது அது. சமையலறையில் இது அலுப்பு மட்டும்தான். கடல் மீன் தொட்டி வைத்திருப்பவருக்கோ மாதக்கணக்கில் விடை தெரியாத புதிர் பல சமயம் இதே தண்ணீரிலிருந்துதான் கிளம்புகிறது.

கடல் மீன் தொட்டி, அதாவது மரைன் டேங்க், கடலோர ஊர்களுக்கும் சென்னை கொளத்தூர் கடைத்தெருவுக்கும் மட்டும் உரியதாக இப்போது இல்லை. செயற்கைக் கடல் உப்பு பாக்கெட்டில் கூரியரில் வருகிறது, எல்இடி விளக்கு வருகிறது, பம்ப் வருகிறது. கடலிலிருந்து 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் நீந்துகிறது. தண்ணீர் மட்டும் உள்ளூர்த் தண்ணீர். ‘ஆல்கலினிட்டி 12 காட்டுகிறது, 13 காட்டுகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பல் எழுவது அதனால்தான்.

ஆல்கலினிட்டியும், அதாவது காரத்தன்மையும், பி.ஹெச்சும் ஒன்றல்ல. இந்தக் குழப்பம் தீராமல் மேலே போக முடியாது. தண்ணீர் இந்த நிமிடம் அமிலமா காரமா என்று பி.ஹெச் சொல்லும். அமிலம் வந்து சேர்ந்தால் எவ்வளவை அந்தத் தண்ணீர் தாங்கும் என்பதை ஆல்கலினிட்டி சொல்லும். கடல்நீரில் இந்தத் தாங்குசக்தியின் பெரும்பகுதி பைகார்பனேட்டிலும் கார்பனேட்டிலும் இருக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் இதை டிகேஹெச் என்ற ஜெர்மன் அளவில் சொல்வார்கள். ஒரு டிகேஹெச் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். இயற்கைக் கடல்நீர் 6.5 முதல் 7 டிகேஹெச் வரை இருக்கும். பவளத் தொட்டிகளில் 7 முதல் 11 வரை வைத்துக்கொள்வது வழக்கம்.

பவளப் பூச்சி தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்துத்தான். எவ்வளவு எடுக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு: ஒரு டிகேஹெச் குறையும்போது கால்சியம் லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் குறையும். ஆல்கலினிட்டி கூடினால் பவளம் வேகமாக வளரும் என்பதும் உண்மைதான். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் உள்ள ஒன் ட்ரீ தீவில் 2014இல் ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டெய்ரா குழுவினர் திட்டின் மேல் ஓடும் கடல்நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து, தண்ணீரின் வேதிநிலையைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்கள். பவளத்திட்டின் சுண்ணாம்புப் படிவு சுமார் 7 சதவீதம் கூடியது. முடிவு 2016இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

அப்படியானால் ஏறட்டுமே, என்ன கெட்டுவிடும்?

தொட்டி கடல் அல்ல. 200 லிட்டர் தண்ணீரில் 12, 13 என்று ஏறும்போது கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்காகக் காத்திருப்பதில்லை. தாங்களாகவே கல்லாகிப் பிரிகின்றன. சூடு அதிகமுள்ள இடத்தில் முதலில் படியும் என்பதால் ஹீட்டர் குழாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளும். பம்பின் காந்தச் சுழலியில் மணல்போல ஒட்டி, ஒருநாள் ராத்திரி பம்ப் நின்றுபோகும். காரம் ஒரேயடியாக ஏறினால் தண்ணீரே பால்போலக் கலங்கிவிடும். சத்து குறைந்த, மிகச் சுத்தமான தொட்டிகளில் கிளைப்பவளங்களின் நுனி வெளுத்துச் செத்துப்போவதையும் வளர்ப்பவர்கள் ஆண்டாண்டாகப் பார்த்து வருகிறார்கள். இவை எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது இன்று 8, நாளை 11, மறுநாள் 9 என்ற ஆட்டம். நிலையாக நிற்கும் 11ஐ உயிர்கள் பொறுத்துக்கொள்ளும். ஆட்டத்தைப் பொறுக்காது.

தோல் பதனிடும் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்த வேதியியல் புதிதல்ல என்பது இங்கே சொல்லியாக வேண்டிய செய்தி. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள். பிறகு குரோம் ஏற்றும் டிரம்மில், குரோமியம் தோல் நாரில் நன்றாகப் பிடிக்க, சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றுவார்கள். மொத்தமாக ஊற்ற மாட்டார்கள். தவணை தவணையாக, இடைவெளி விட்டுத்தான். அவசரப்பட்டால் குரோமியம் மேல்தோலிலேயே படிந்து சரக்கு கெட்டுவிடும். முடிந்ததா என்று பார்க்கத் தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டுமுகத்தில் புரோமோகிரெசால் கிரீன் சொட்டுவார்கள், நிறம் சொல்லிவிடும். கடல் தொட்டி வைத்திருப்பவர் ஆல்கலினிட்டி ஏற்றப் பயன்படுத்துவதும் அதே சுண்ணாம்பு நீர், அதே சோடா உப்பு. ஆல்கலினிட்டி சோதனைகளில் பெயர்பெற்ற நிறங்காட்டியும் அதே புரோமோகிரெசால் கிரீன். டிரம் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கு இருக்கும் நிதானம் தொட்டி வைப்பவருக்கும் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை எழவே எழாது.

எண் அதிகமாகக் காட்டினால் முதல் வேலை அந்த எண்ணைச் சந்தேகிப்பது. பரவலாகக் கிடைக்கும் சொட்டுச் சோதனையில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் அப்படியே நிற்கும், நிற்கும், பிறகு ஒரு சொட்டில் மஞ்சளாக மாறிவிடும். மாறும்வரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் டிகேஹெச். புட்டியைச் சாய்வாகப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும்; நேர்செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். குழாயில் குமிழி இருந்தாலும் கணக்குத் தப்பும். ஐந்துக்குப் பதில் பத்து மில்லி எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகேஹெச் ஆகிவிடும், துல்லியம் இரட்டிப்பாகும். காலாவதித் தேதி தாண்டிய கிட்டை நம்பி மருந்து ஊற்றத் தொடங்குவதைவிட, வேறொரு கிட்டில் ஒருமுறை பார்த்துவிடுவது செலவு குறைவான காரியம்.

கூடவே உப்பின் அடர்த்தியும். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு கொண்டது. தொட்டியில் அது 39 ஆகியிருந்தால் எல்லாமே ஒன்பதில் ஒரு பங்கு கூடித்தான் காட்டும், ஆல்கலினிட்டி உட்பட. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை அதற்கென விற்கும் 35 பங்கு திரவத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே அதன் வாக்கை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண் உண்மைதான் என்று உறுதியானால், காரம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேட வேண்டும். வேலூர்ப் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தினமும் விடும் டாப்-அப் தண்ணீரை.

தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பும் பைகார்பனேட்டும் உள்ளேயே தங்கிவிடும். ஆவியான அளவுக்கு போர்வெல் தண்ணீரை விட்டால் அதிலுள்ளதெல்லாம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். கணக்காகப் பார்க்கலாம். 200 லிட்டர் தொட்டி, தினமும் 3 லிட்டர் ஆவியாகிறது, போர்வெல் தண்ணீரின் ஆல்கலினிட்டி லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அது 16.8 டிகேஹெச். தொட்டியில் ஒரு நாளைக்குக் கூடுவது கால் டிகேஹெச். ஒரு வாரத்தில் ஒன்றே முக்கால். யாரும் எந்த மருந்தும் ஊற்றவில்லை, ஆனால் மாதக் கடைசியில் தொட்டி கல்லாகத் தொடங்கியிருக்கும். 300 என்பது மிகைப்படுத்திய எண்ணும் அல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம் ஆல்கலினிட்டிக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாத இடங்களில் 600 வரையிலும் அனுமதிக்கிறது. குடிக்க உகந்த தண்ணீர் கடல் தொட்டிக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கோடையில் இது இன்னும் மோசமாகும். வேலூர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டாமல் வைக்க, சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன விசிறி மாட்டுகிறார்கள். விசிறி குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். சித்திரை, வைகாசியில் ஆவியாதல் கூடும், டாப்-அப் கூடும், அதோடு ஆல்கலினிட்டியும் ஏறும். பங்குனிவரை ஒழுங்காக இருந்த தொட்டி அக்னி நட்சத்திரத்தில் தாறுமாறாகிறது என்று சொல்பவர்கள் விசிறியின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் இப்படி இருப்பதற்குக் காரணம் இரண்டு. மண்ணிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து பாறைகளை மெல்ல அரிக்கிறது. பைகார்பனேட் அங்கிருந்து வருகிறது. இது இயற்கை. உப்பின் ஒரு பெரும்பகுதியோ மனிதர் சேர்த்தது. பச்சைத் தோலைப் பதப்படுத்தப் போடும் கறியுப்பும் டேனரிக் கழிவும் பாலாற்றுப் படுகையில் இறங்கிய கதையை நாடறியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. நெல்லும் தென்னையும் கண்ட துயரத்துக்கு முன்னால் ஒரு மீன் தொட்டியின் பாடு அற்பம். ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீரை முதலில் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இந்தப் பகுதி மக்களுக்கு ஏன் மற்றவர்களைவிட அவசியம் என்பதற்கு அந்தத் தீர்ப்பைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆர்.ஓ. தண்ணீர் விடுகிறேனே என்று சிலர் சொல்வார்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காக மினரல் கார்ட்ரிட்ஜோ ஆல்கலைன் கார்ட்ரிட்ஜோ கடைசியில் இருக்கும். சிலவற்றில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகு வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். மனிதருக்கு நல்லது என்று விற்கப்படும் இரண்டுமே தொட்டிக்குள் காரத்தை ஏற்றுபவை. மெம்பிரேனிலிருந்து நேராக வரும் தண்ணீரைத் தனிக் குழாயில் எடுத்து, முடிந்தால் அதன் பின்னால் ஒரு டி.ஐ. (அயனி நீக்கும்) குடுவையும் வைத்தால், டி.டி.எஸ். மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டும். தொட்டிக்கு வேண்டியது அந்தத் தண்ணீர். கேன் தண்ணீர் வாங்கினாலும் அதையும் அதே சொட்டு மருந்தில் சோதித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அடுத்த வாசல், ஊற்றும் கை. வெளிநாட்டுப் புத்தகங்களும் மருந்துப் புட்டிகளின் அட்டவணைகளும் வாரம் இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று சொல்கின்றன. அவை கல்பவளங்கள் நிறைந்து, பசியோடு கால்சியத்தை இழுக்கும் தொட்டிகளுக்காக எழுதப்பட்டவை. இந்தியாவில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவையும் சேர்ந்தன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைகளுக்கும் வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். ஆகவே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து யாராவது ‘உயிர்ப்பாறை’ என்று கொண்டுவந்து நீட்டினால் வாங்கக் கூடாது; அது குற்றம்.

சட்டத்தை மதித்து வைக்கும் தொட்டியில் பெரும்பாலும் இருப்பது மீன்கள், செயற்கைப் பாறை, பாறைமேல் ஊதா நிறத்தில் படரும் கோரலின் பாசி. அந்தப் பாசி சுண்ணாம்பு எடுக்கும்தான், ஆனால் மிகக் கொஞ்சம். அதற்கு அட்டவணைப்படி மருந்து ஊற்றினால் உண்ண ஆளில்லாத விருந்துதான். 200 லிட்டர் தொட்டியில் 6 கிராம் சோடா உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதல், ஆல்கலினிட்டியை ஒரு டிகேஹெச் ஏற்றிவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டர் விட்டால் அரை டிகேஹெச்சுக்குச் சற்று மேல் ஏறும். அதன் பி.ஹெச் 12.4 என்பதால் தொட்டியின் பி.ஹெச்சும் கூடவே குதிக்கும். ஆல்கலினிட்டியும் பி.ஹெச்சும் சேர்ந்து ஏறியிருந்தால் முதலில் சுண்ணாம்பு நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மீனும் பாசியும் மட்டும் உள்ள தொட்டிக்குத் தனியாக மருந்தே வேண்டாம். மாதத்தில் இரண்டுமுறை தண்ணீர் மாற்றினால் போதும்.

கடல் அருங்காட்சியகங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், வெளிநாட்டில் வாழும் தமிழர் வீடுகள் என்று பவளம் உள்ள தொட்டிகளில் வேறொரு விபத்து நடக்கும். மின்வெட்டிலோ வெயிலிலோ பவளம் சோர்ந்துவிட்டால் சுண்ணாம்பு கட்டுவதை நிறுத்திவிடும். தானியங்கி டோசிங் பம்புக்கு அது தெரியாது. நேற்று ஊற்றிய அளவை இன்றும் ஊற்றும். ஆல்கலினிட்டி திடீரென்று ஏறியது என்றால் பம்பைத் திட்டுவதற்கு முன்னால் பவளங்களைப் பார்க்க வேண்டும். எண் ஏறியது நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

கடைசியாக உப்பு பாக்கெட். சில உப்புகளைக் கரைத்தால் 7, 8 டிகேஹெச் வரும். வளர்ச்சிக்கு என்று விற்கும் சில உப்புகள் 11, 12 தரும். புதிதாகக் கரைத்த உப்புநீரைத் தொட்டியில் ஊற்றும் முன் ஒருமுறை சோதிப்பவர்கள் குறைவு. தண்ணீர் மாற்ற மாற்ற எண் ஏறுகிறது என்று திகைப்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் அந்த வாளியில் இருக்கிறது.

இறக்குவதற்கு எதையும் ஊற்றத் தேவையில்லை. வரவை அடைத்துவிட்டு, ஆல்கலினிட்டி குறைந்த உப்புநீரால் மாற்றினால் கணக்குத் தானாக இறங்கும். 13இல் இருக்கும் 200 லிட்டர் தொட்டியில் 40 லிட்டரை எடுத்துவிட்டு 7.5 உள்ள நீரை ஊற்றினால் 11.9 வரும். இன்னொருமுறை செய்தால் 11. மூன்றாவது முறை 10.3. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் விடலாம். நாளுக்குச் சுமார் ஒரு டிகேஹெச்சுக்கு மேல் இறக்கக் கூடாது. சென்னைக்குப் போய்வருபவர் சுத்தமான கரையில் கடல்நீர் பிடித்து வந்து, வடிகட்டிப் பயன்படுத்தலாம். அதன் ஆல்கலினிட்டி இயல்பாகவே 7க்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆற்று முகத்துவாரத்திலும் வடகிழக்குப் பருவமழை ஓயாத நாட்களிலும் பிடிக்கக் கூடாது, உப்பு நீர்த்திருக்கும்.

அமிலம் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆல்கலினிட்டியை இறக்கும் என்பது உண்மை. ஆனால் பைகார்பனேட் கரியமில வாயுவாக மாறும் அந்த மணி நேரங்களில் பி.ஹெச் மடமடவென்று சரியும், மீன் மூச்சு வாங்கும். கடையில் கழிவறைக்கு விற்கும் ஆசிட்டில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வினிகர் இன்னும் வீண்வேலை. முதலில் எண்ணை இறக்குவதுபோலக் காட்டும். நுண்ணுயிர்கள் அந்த அசிட்டேட்டைத் தின்று முடித்ததும் பைகார்பனேட் திரும்பி வந்துவிடும். நடுவில் ஆக்சிஜன் குறைந்ததுதான் மிச்சம். நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் பி.ஹெச் குறைப்பு மருந்துகள் சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். ஊற்றினால் பாஸ்பேட் ஏறிப் பச்சைப் பாசி படரும். வினிகருக்கு இந்தக் கதையில் ஒரே ஓர் இடம் உண்டு: பம்பையும் ஹீட்டரையும் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, வாளியில் ஊறவைத்து வெள்ளைப் படிவை நீக்குவதற்கு.

ஆல்கலினிட்டி 9க்கு வந்த பிறகு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அளக்க வேண்டும். கல்லாக இறங்கிய நாட்களில் கால்சியமும் சேர்ந்து இறங்கியிருக்கும். கால்சியம் லிட்டருக்கு 380 முதல் 450 மில்லிகிராம் வரை இருந்தால் கவலை இல்லை. மெக்னீசியம் 1250க்குக் கீழே போயிருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். கால்சியம் கார்பனேட் கண்டபடி படிவதைத் தடுத்து நிறுத்துவது மெக்னீசியம்தான். அது குறைந்த தொட்டியில் ஆல்கலினிட்டியையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் நிலையாக வைப்பது இயலாத காரியம். பிறகு நான்கு நாள் எதுவும் ஊற்றாமல், தினமும் காலையில் விளக்கு போடுவதற்கு முன் ஒரே நேரத்தில் சோதித்து எழுதிவைக்க வேண்டும். அந்த நான்கு நாளில் எண் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் தொட்டியின் உண்மையான தேவை. இறங்கவே இல்லை என்றால் மருந்துப் புட்டியை அலமாரியில் வைத்துவிடலாம்.